கந்தசாமிப் பிள்ளை கதையைக் கால் மணி நேரத்தில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் அடுத்து எடுத்திருக்கும் கதை புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவில் மண்டபத்தில் கூட்டம். முதல் கால் மணி நேரம் கதைச்சுருக்கம், அப்புறம் பேச்சு, கடைசியில் தேநீர். வருகிறவர்களில் பாதிப் பேர் கதையைப் படித்திருக்கமாட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கால் மணி நேரம்தான் கதை. ஆகவே யார் சொல்வது என்பதைவிட எப்படிச் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இதுவரை நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன. பள்ளிக்கூட முறையில் கரு, பாத்திரம், பின்னணி என்று பிரித்துச் சொல்வது ஒன்று. பாதி வரைக்கும் சொல்லி, முடிவை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்வது இன்னொன்று. கதையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து, கடவுள் சுங்கை சிப்புட் பஸ் நிலையத்தில் வந்து இறங்குவதாகச் சொல்வது மூன்றாவது. சுருக்கமே வேண்டாம், இரண்டு காட்சிகளை வாய்விட்டுப் படித்துவிடலாம் என்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகச் சொல்ல ஏதாவது இருக்கிறது. நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லப்போகிறேன். ஆனால் இந்த நான்கையும் பார்த்த பிறகுதான் அது ஏன் என்று புரியும்.

யார் வருவார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்வோம். ரப்பர் தோட்டத்தில் மரம் சீவி ஓய்ந்து, இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள், அவர்களை அழைத்து வரும் அம்மாக்கள். மலாயில் வேகமாகவும் தமிழில் நிதானமாகவும் படிக்கும் இளையவர்கள். இவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் சிரிக்கவேண்டும். ஒரு நகைச்சுவைக் கதையின் சுருக்கத்துக்கு வேறு என்ன சோதனை இருக்கிறது?

சிக்கல் என்னவென்றால் இந்தக் கதையின் நடப்பில் சிரிப்பு இல்லை. நடப்பை மட்டும் சொல்லிப் பாருங்கள்: சென்னையில் ஒரு பத்திரிகைக்காரர் முன் கடவுள் மனித உருவில் வருகிறார், இருவரும் காப்பி குடிக்கிறார்கள், கடவுள் அவர் வீட்டில் தங்குகிறார், நடனம் ஆடிப் பிழைக்கப் பார்க்கிறார், முடியவில்லை, போய்விடுகிறார். தப்பில்லாத சுருக்கம்தான். ஆனால் இதைக் கேட்டு யாருடைய உதடும் அசையாது. சோகக் கதையைச் சுருக்கினாலும் சோகத்தில் கொஞ்சம் மிஞ்சும். ஒரு தாய் பிள்ளையை இழந்தாள் என்று ஒரு வரி சொன்னாலே மனம் கனக்கும். சிரிப்பு அப்படி மிஞ்சுவதில்லை. அது எந்தச் சொல்லில், எந்த இடத்தில், எத்தனை காசில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தை முழுசாகத் தூக்கிவர வேண்டியிருக்கிறது.

முதலில் பள்ளிக்கூட முறை. இதை ஆதரிப்பவர்கள் ஆசிரியர்கள், காரணமும் நியாயமானது. படிவம் ஐந்து முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கிற மாணவர்களுக்கு கரு, கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்தி என்று பழகிய சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் வைத்துக் கொடுத்தால் குறிப்பெடுக்க எளிது, எதுவும் விட்டுப்போகாது. ஆனால் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு ‘இக்கதையின் கரு மனித வாழ்வின் பொய்மை’ என்று சொன்னால் அவர் மரியாதையாகத் தலையாட்டுவார், அவ்வளவுதான். அதோடு, கரு என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், மாணவன் அதற்கு அப்புறம் வரும் எல்லாவற்றையும் அதற்கு ஆதாரமாக மட்டுமே கேட்பான். கடவுள் ரிக்ஷாக்காரனிடம் என்ன சொன்னார் என்பது அவனுக்கு ஒரு ‘சான்று’ ஆகிவிடும். கூட்டம் முடிந்த பிறகு மாணவர்களுக்குத் தனியாக ஒரு பக்கக் குறிப்பு கொடுக்கலாம். கால் மணி நேரத்தை அதற்குக் கொடுக்கக்கூடாது.

பாதியில் நிறுத்துவது இரண்டாவது. புத்தகம் படிக்க ஆளைத் தூண்டும் என்கிறார்கள். மர்மக் கதைக்கு அது சரி. இந்தக் கதையின் முடிவில் மர்மம் எதுவும் இல்லை. கடவுள் போய்விடுவார் என்று ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் தெரியும். கடவுள் நம்மோடு நிரந்தரமாகக் குடியிருக்கப் போவதில்லை அல்லவா? அவர் போன பிறகு கந்தசாமிப் பிள்ளை என்ன செய்கிறார் என்பதில்தான் கதையின் மிகப் பெரிய சிரிப்பு இருக்கிறது. அதை ஒளித்துவைத்தால், வீட்டுக்குப் போய்ப் படிக்காதவர்களுக்கு அது கடைசிவரை கிடைக்காது. படிக்காதவர்களில் பலருக்குக் கண் சரியில்லை, அல்லது எழுத்து பழக்கமில்லை. அவர்களிடமிருந்து முடிவைப் பிடுங்கிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

இந்த முறைக்கு ஓர் இடம் உண்டு, அது புலனத்தில். கூட்டத்துக்கு முதல் நாள் அனுப்பும் அழைப்பில் எட்டு வரி எழுதி, கடவுள் வழி கேட்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். அங்கே நோக்கம் ஆளை வரவழைப்பதுதான், அதற்கு அது போதும்.

மூன்றாவது யோசனைதான் குழுவில் அதிகம் பேருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் முதலில் பிடித்தது. கடவுள் பஸ் நிலையத்தில் நின்று, “ஐயா, ஈப்போவுக்கு எப்படிப் போவது?” என்று கேட்கிறார். பக்கத்துக் கடையில் இருவரும் கோப்பி குடிக்கிறார்கள். கடவுள் நூறு வெள்ளி நோட்டை நீட்ட, கடைக்காரர் முறைக்கிறார். இதுவரை அழகாக வருகிறது. இளையவர்கள் உடனே ஒட்டிக்கொள்வார்கள். டிராம் என்றால் என்ன, அணா என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் கொஞ்சம் உள்ளே போனால் ஒவ்வொன்றாக இடிக்கிறது. கந்தசாமிப் பிள்ளை ‘சித்த வைத்திய தீபிகை’ என்ற பத்திரிகை நடத்துகிறவர். கடவுளையே சந்தாதாரராகச் சேர்க்கிறவர். இங்கே அவரை யாராக மாற்றுவது? கைப்பேசியில் மருந்து விற்கிறவராகவா, காப்புறுதி முகவராகவா? எந்தத் தொழிலைச் சொன்னாலும் மண்டபத்தில் அதே தொழில் செய்கிற ஒருவர் இருப்பார், எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். மூலக்கதையில் அந்தப் பத்திரிகைக்காரர் எழுத்தாளருக்கு அந்நியர் இல்லை. புதுமைப்பித்தன் பத்திரிகைகளில் வேலை செய்து, அந்த வருமானத்தில் திண்டாடியவர். அந்த நெருக்கம்தான் கிண்டலைக் கசப்பாக்காமல் காப்பாற்றுகிறது. நாம் வேறொருவரைக் கொண்டுவந்து வைத்தால் கிண்டல் மட்டும் நிற்கும், நெருக்கம் போய்விடும்.

காப்பி விஷயத்தையும் பாருங்கள். கடவுள் ஒரு வாய் குடித்துவிட்டு, இது தன் லீலை என்று மகிழ்ந்துபோகிறார். பிள்ளை அவர் காதோடு சொல்கிறார்: “உம்முடைய லீலை இல்லைங்காணும், ஓட்டல்காரன் லீலை.” சிக்கரித் தூள் கலந்திருக்கிறான் என்று விளக்கம். அதற்குமேல் ஒரு போடு: சிக்கரி காப்பி மாதிரி இருக்கும், ஆனால் காப்பி இல்லை; தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறவர்களைப் போல. இதைக் கேட்டுக் கடவுள் திடுக்கிடுகிறார். எங்கள் பக்கத்துக் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பார்கள். அது யாரையும் ஏமாற்றுவதற்காகச் செய்வது இல்லை, அந்த ருசிக்காகத்தான் கடைக்குப் போகிறோம். சிக்கரியை எடுத்துவிட்டு எங்கள் கோப்பியை வைத்தால் அந்தப் பேச்சின் அடிப்படையே போய்விடும். ‘காப்பியில் கலப்படம்’ என்று ஒரு வரியில் விளக்கிவிட்டு, சென்னைக் காப்பியைச் சென்னைக் காப்பியாகவே விடுவது மேல்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் பெரியவர்களில் பலருக்குச் சென்னை என்பது பெற்றோர் வாயிலாகக் கேட்ட ஊர். கப்பல் ஏறிய ஊர். பிராட்வே, எஸ்பிளனேடு, திருவல்லிக்கேணி என்ற பெயர்கள் வரும்போது அவர்கள் காது கொடுப்பார்கள். அதை எடுத்துவிட்டு சுங்கை சிப்புட் பஸ் நிலையத்தைத் தருவது, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திருப்பித் தருவதுதான். கதையைக் கேட்டு முடித்த பிறகு, ‘அதே கடவுள் இங்கே வந்தால்?’ என்று பேச்சுக்கு ஒரு கேள்வியாகப் போடலாம். அப்போது அவரவர் கடவுளை அவரவர் தெருவுக்குக் கொண்டுவருவார்கள். அது அவர்கள் செய்யவேண்டிய வேலை. சுருக்கம் சொல்கிறவர் அதை முந்திக்கொண்டு செய்துவிடக் கூடாது.

நான்காவது, வாய்விட்டுப் படிப்பது. மனதளவில் நான் இதன் பக்கம்தான். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எழுத்துத் தெரிந்த ஒருவர் பேப்பரைப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலத்தை நினைவு வைத்திருக்கிறவர்கள் எங்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கதை கேட்பது என்றால் அதுதான். புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002-ல் நாட்டுடைமையாக்கப்பட்டவை. வேண்டிய பக்கங்களை அச்செடுத்துக் கையில் கொடுப்பதிலும் தடையில்லை. ஆனால் முழுக் கதைக்கும் கால் மணி நேரம் எந்த மூலைக்கு? இரண்டு காட்சி மட்டும் என்றால், முன்னும் பின்னும் தெரியாமல் கேட்கிறவர்களுக்கு அது இரண்டு துணுக்குகள். அதோடு அந்த நடையில் திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் பேச்சு கலந்திருக்கிறது. ‘ஓய்’, ‘காணும்’ எல்லாம் பழகாத வாய்க்குச் சிக்கும். படிவம் நான்கு மாணவி ஒருத்தியை முன்னேற்பாடு இல்லாமல் படிக்கச் சொன்னால் அவள் தடுமாறுவாள், கூட்டம் அவளுக்காகச் சங்கடப்படும், சிரிப்பு ஓடிவிடும்.

சரி, அப்புறம் என்ன வழி? என் முடிவு, கதையை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகச் சொல்வது, ஆனால் சில்லறையைப் பிடித்துக்கொண்டு சொல்வது.

கதை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேர்கிற மூலையில், ஆபத்தில்லாத ஓரமாக நின்று கந்தசாமிப் பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறார். என்ன யோசனை? டிராமில் போனால் ஒன்றே காலணா, காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றி சென்ட்ரல் தாண்டி டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி கிடைக்கும், ஆனால் வெற்றிலை கிடையாது. இந்தக் கணக்குக்கு நடுவில்தான் கடவுள் வருகிறார். கதை எங்கே முடிகிறது? சந்தாப் பேரேட்டில். அவர் கடவுளுக்கு வரவு வைக்கிறார். முதல் வரியிலும் கணக்கு, கடைசியிலும் கணக்கு. நடுவில் வரும் ஒவ்வொரு பெரிய சிரிப்பும் யார் பணம் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதைச் சுற்றித்தான். காப்பிக்கடையில் பில்லை இவர் தன் தலையில் கட்டிவிடுவாரோ என்று பிள்ளைக்குப் பயம். ரிக்ஷாவில் கூலி. வீட்டில் சந்தா. நடனம்கூட, வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வியில்தான் முளைக்கிறது.

ஆகவே இந்தக் கதையில் கடவுளைப் பிடித்துக்கொண்டு போனால் தத்துவம் வரும். காசைப் பிடித்துக்கொண்டு போனால் கதை வரும். நம் ஊர் மக்களுக்கு இந்தக் காசுக் கணக்கைத் தனியாக விளக்கவே வேண்டாம். சந்தா என்றால் தோட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். 1954-ல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டிய குடும்பங்கள் இவை. 1960-ல் வந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர்களும் இங்கே இருக்கிறார்கள். பெயரைப் பதிந்து பணத்தை வரவு வைப்பது எத்தனை கனமான காரியம் என்று இவர்கள் அறிவார்கள். அந்த முடிவு இவர்களிடம் போய்ச் சேரும் அளவுக்கு வேறெங்கும் சேருமா என்பது எனக்குச் சந்தேகம்.

நான் சொல்கிற முறையில் சுருக்கம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லியே காட்டிவிடுகிறேன். சொல்கிறவர் தன் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொள்ளட்டும்.

“சென்னை. தெருமுனையில் கந்தசாமிப் பிள்ளை நிற்கிறார். பையில் சில்லறை. டிராமில் போனால் வெற்றிலை, பஸ்ஸில் போனால் அரைக் கப் காப்பி. எது என்று முடிவாகவில்லை. அப்போது ஒரு கிழவர் வந்து, ‘ஐயா, திருவல்லிக்கேணிக்கு எப்படிப் போகிறது?’ என்கிறார். டிராமில் போகலாம், பஸ்ஸில் போகலாம், நடந்தும் போகலாம், மதுரைக்கு வழி வாயிலே என்கிறார் பிள்ளை. ‘நான் மதுரைக்குப் போகவில்லை’ என்கிறார் கிழவர். இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தக் கிழவர்தான் கடவுள்.

இருவரும் காப்பி குடிக்கப் போகிறார்கள். பில் யார் தலையில் விழும் என்று பிள்ளைக்கு உள்ளுக்குள் உதறல். கடவுள் நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். சில்லறை மாற்றுவதற்காகவே காப்பி குடிக்க வந்தார்களோ என்று கடைக்காரருக்குச் சந்தேகம். வெளியே வந்த பிறகு கடவுள் தன்னை யார் என்று காட்டிக்கொள்கிறார். பிள்ளை காலில் விழவில்லை. வரம் கொடுக்கிற பேச்சே வேண்டாம் என்கிறார். நீர் வரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர், அடுத்து இன்னொரு தெய்வம் வந்து தலையைக் கேட்கும், அதற்கு நான் ஆளில்லை என்கிறார்.

ரிக்ஷாவில் போகிறார்கள். கூலி வாங்கிய ரிக்ஷாக்காரன் மனம் குளிர்ந்து, ‘நல்லா இருக்கணும் சாமி’ என்று கடவுளை வாழ்த்துகிறான். பெரியவரை நீ வாழ்த்துவதாவது என்று பிள்ளை அதட்டுகிறார். கடவுளோ, இத்தனை நாளில் காது குளிர இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்கிறார். இரண்டணாக் குறைத்துக் கொடுத்துப் பாரும், அப்போது தெரியும் என்கிறார் பிள்ளை.

வீட்டில் மகள் ஓடிவருகிறாள். எனக்கு என்ன கொண்டுவந்தாய் என்கிறாள். என்னைத்தான் கொண்டுவந்தேன் என்கிறார் அப்பா. தினமும் உன்னையேதான் கொண்டுவருகிறாய், பொரிகடலை கொண்டுவரக் கூடாதா என்கிறது குழந்தை. அவளுக்குத் தாத்தாவைப் பிடித்துப்போகிறது. பிள்ளை நடத்தும் பத்திரிகைக்குக் கடவுள் ஜீவிய சந்தா கட்டுகிறார், இருபத்தைந்து ரூபாய். யாருடைய ஜீவியம் என்று அவர் கேட்கத் தவறவில்லை. பூலோகத்தில் இருப்பதென்றால் ஒரு தொழில் வேண்டுமே. கடவுளுக்குக் கூத்தாடத் தெரியும். தேவியையும் அழைத்துக்கொண்டு, கலை வளர்க்கும் ஒரு திவான் பகதூர் முன்னால் ஆடுகிறார்கள். தாண்டவத்தின் சொந்தக்காரரே ஆடுகிறார். திவான் பகதூருக்கு அது கலையாகத் தெரியவில்லை, நிறுத்தச் சொல்கிறார்.

கடவுள் புறப்பட்டுவிடுகிறார். உங்களுக்கெல்லாம் எட்ட நின்று வரம் கொடுக்கலாம், உடன் இருந்து வாழ முடியாது என்கிறார். உங்கள் வர்க்கமே அதற்குத்தான் லாயக்கு என்று பிள்ளையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் போன பிறகு பிள்ளை சந்தாப் பேரேட்டைப் பிரித்து எழுதுகிறார்: ‘கைலாசபுரம் பழைய பரமசிவம் பிள்ளை, வரவு ரூபாய் இருபத்தைந்து.’ தாத்தா ஊருக்குப் போயாச்சா அப்பா என்று கேட்டுக்கொண்டே குழந்தை உள்ளே வருகிறாள்.”

நிதானமாகச் சொன்னால் இது ஐந்தாறு நிமிடம். மிச்சமுள்ள நேரத்தில் காப்பிக்கடைக் காட்சியை மட்டும் இரண்டு பேர் மூலத்திலிருந்து படிக்கட்டும். ஒருவர் கடவுள், ஒருவர் பிள்ளை. சுருக்கத்தில் நான் சிக்கரியைச் சொல்லாமல் விட்டிருப்பது அதற்காகத்தான். நன்றாக ஒத்திகை பார்த்த இருவர் வேண்டும். கோவிலில் தேவாரம் பாடுகிற பெரியவர் கடவுளாகவும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பிள்ளையாகவும் படித்தால் பொருத்தமாக இருக்கும். ‘காணும்’ என்ற விளியை எப்படி இழுக்கவேண்டும் என்று ஆசிரியருக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும்.

இந்த முறையிலும் விட்டுப்போவது உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். மனைவி காந்திமதி சுருக்கத்தில் இல்லை. விருந்தாளியைக் கூட்டிவந்த கணவனைப் பார்த்து, வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கவலைப்படுகிறவள் அவள்தான். காசுக் கணக்கின் கனம் முழுதும் விழுவது அவள் தலையில். மண்டபத்துக்கு வரும் அம்மாக்கள் அவளைப் பற்றிப் பேசக் கூடியவர்கள். ஆனால் சுருக்கத்தில் அவளுக்கு ஒரு வாக்கியம் கொடுத்தால் ‘குறை சொல்லும் மனைவி’ என்று சுருங்கிவிடுவாள். அதைவிட, பேச்சு நேரத்தில் முதல் கேள்வியாக அவளைக் கொண்டுவருவது நல்லது. கடவுள் வந்த அன்று அந்த வீட்டில் உலை வைத்தது யார் என்று கேட்டாலே போதும், பேச்சு தானாக ஓடும்.

விளக்கம் தேவையான சொற்கள் அதிகமில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று ஒரு வாக்கியம். சென்னையில் டிராம் ஓடியது, 1953-ல் நின்றுபோனது என்று ஒரு வாக்கியம். ரிக்ஷா என்றால் இளையவர்கள் பினாங்குத் திரிஷாவை நினைத்துக்கொள்வார்கள். இது ஆள் கையால் இழுத்து ஓடும் வண்டி என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அந்த வாழ்த்தின் அருமை தெரியாது. இந்த மூன்றையும் கதைக்கு முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். நடுவில் நிறுத்தி விளக்கினால் ஓட்டம் கெடும்.

ஆனால் ஒரு தகவலைக் கதைக்கு முன்னால் சொல்லவே கூடாது. அது கதை வெளிவந்த ஆண்டு. 1943-ல் ‘கலைமகள்’ இதழில் வந்த கதை இது. எங்கள் ஊரில் 1943 என்று சொன்னால் பெரியவர்கள் மனம் எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலம். தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன காலம். ஏதாவது ஒரு குடும்பத்தில் ஒரு தாத்தா திரும்பி வராமல் இருந்திருப்பார். அந்த ஆண்டை முதலில் சொல்லிவிட்டு அரைக் கப் காப்பிக் கணக்கைச் சொன்னால் யாருக்கும் சிரிக்க மனம் வராது. கதையைக் கேட்டுச் சிரித்த பிறகு சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அப்போது பேச்சு வேறொரு ஆழத்துக்குப் போகும், அதைத் தடுக்க நான் விரும்பவில்லை. எழுத்தாளர் 1948-ல் நாற்பத்திரண்டு வயதில் காசநோயில் இறந்தார் என்பதையும் பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம்.

கோவில் மண்டபத்தில் நடப்பதால் நிர்வாகத்திடம் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கும். அங்கேயும் சுருக்கம்தான் கேட்பார்கள், அதுவும் ஒரே வாக்கியத்தில். ‘கடவுளைக் கிண்டல் செய்கிற கதை’ என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றோடு கூட்டம் நின்றுபோகும். அது உண்மையும் இல்லை. கதையில் கடவுளைப் பற்றி ஒரு இழிசொல் கிடையாது. அவர் காப்பியை ரசிக்கிறார், குழந்தையோடு விளையாடுகிறார், ரிக்ஷாக்காரன் வாழ்த்தில் நெகிழ்கிறார். கடவுள் ஒரு குடும்பத்துக்கு விருந்தாளியாக வந்த கதை என்று சொன்னால் போதும். அது மழுப்பல் இல்லை, கதையில் நடப்பதே அதுதான்.

சொல்கிறவர் ஒரே ஓர் இடத்தில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவேண்டும். ‘எட்ட நின்று வரம் கொடுக்கலாம்’ என்ற பேச்சு வந்ததும் நிறுத்தி, ஆகவே மனிதன் எப்படிப்பட்டவன் என்று ஒரு சொற்பொழிவு தொடங்கிவிடத் தோன்றும். மேடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இன்னும் கஷ்டம். ஆனால் புதுமைப்பித்தன் அங்கே நிற்கவில்லை. பிள்ளை உடனே பதிலடி கொடுக்கிறார், பேரேட்டைத் திறக்கிறார், குழந்தை உள்ளே வருகிறது. அந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சுவிடாமல் வந்தால்தான் சிரிப்பு.

கதையைச் சேர்ந்து பேசிப் பழகுவது மலேசியாவுக்குப் புதிதில்லை. 1950-ல் ‘தமிழ் நேசன்’ கதை வகுப்பு நடத்தியது. 1952-லிருந்து சில ஆண்டுகள் கு. அழகிரிசாமி அந்தப் பத்திரிகையில் இருந்து, கோலாலம்பூரில் இளம் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து கதைகளைப் பற்றிப் பேசினார். அப்படிப் பேசிய தலைமுறையின் பிள்ளைகளும் பேரர்களும்தான் இப்போது நம் மண்டபத்துக்கு வருகிறார்கள். கால் மணி நேரத்துக்கு இவ்வளவு யோசிக்கவேண்டுமா என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே என் பரிந்துரை: சில்லறைக் கணக்கைப் பிடித்துச் சொல்லும் முழுச் சுருக்கம், அதோடு காப்பிக்கடைக் காட்சி வாசிப்பு. புலன அழைப்புக்குப் பாதியில் நிற்கும் எட்டு வரி. மாணவர்களுக்கு, கூட்டம் முடிந்து போகும்போது ஒரு பக்கக் குறிப்பு. நம் ஊருக்குக் கடவுளைக் கொண்டுவரும் வேலை பேச்சு நேரத்துக்கு. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் குழுவில் எழுதுங்கள். காப்பிக்கடைக் காட்சியைப் பெரிய எழுத்தில் அச்செடுக்கச் சனிக்கிழமை காலையில் கடைக்குக் கொடுக்கவேண்டும். முதல் வரிசையில் உட்காரும் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு படி.